டேலி போட ஐ7 எதுக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜ் அட்மிஷனும் முடிந்துவிட்டால் பல வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும், மாவட்டத் தலைநகரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஷோரூம் ஆகட்டும், ஜூன், ஜூலை மாதங்களில் அப்பாவும் மகளுமாக, அம்மாவும் மகனுமாக வந்து நிற்பவர்களைப் பார்க்கலாம். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: “பட்ஜெட் எவ்வளவு சார்?”

“என்ன வேலைக்கு?” என்பது இரண்டாவது கேள்வியாக வந்தால் அதிர்ஷ்டம். பல நேரங்களில் அது வருவதே இல்லை.

பி.காம் சேர்ந்திருக்கும் பெண். டேலி கற்றுக்கொள்ள வேண்டும், எக்ஸெல் போட வேண்டும், அசைன்மென்ட் டைப் அடிக்க வேண்டும், யூடியூபில் பாடம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால், மேஜை மேல் வந்து உட்காருவதோ ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு. “நாலஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் சார், ஈ.எம்.ஐ. போட்டுடலாம்” என்பார் கடைக்காரர். அப்பா மகளைப் பார்ப்பார், மகள் அப்பாவைப் பார்ப்பாள். படிப்பு விஷயம் என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் ‘வேண்டாம்’ என்ற வார்த்தை லேசில் வாயில் வராது. அந்த ஒரு நிமிடத் தயக்கத்தில்தான் இருபதாயிரம், முப்பதாயிரம் கூடுதலாகப் போகிறது.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கும் மாத டார்கெட் உண்டு. ஆனால், அந்தக் கிராபிக்ஸ் கார்டு டேலிக்கு ஒரு உதவியும் செய்யாது என்பதை யாராவது அந்த அப்பாவிடம் சொல்லியிருக்கலாம்.

டைப் அடிக்கும்போது கம்ப்யூட்டரின் பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்துக்கு விரல் போவதற்குள் அது பல கோடி கணக்குகளைப் போட்டு முடித்திருக்கும். பிறகு, ‘அடுத்து என்ன?’ என்று கைகட்டிக் காத்திருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சி.பி.யூ. என்ற கட்டத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். சாதாரணமாக லெட்டர் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கோடு தரையோடு தரையாகத்தான் ஊர்ந்துகொண்டிருக்கும்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால், தாலுகா ஆபீஸ் பக்கத்திலோ கடைவீதியிலோ இருக்கும் டி.டி.பி. சென்டருக்குப் போகலாம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் தயாராகும் இடம். இன்றும் பேஜ்மேக்கர் 7.0-வில் வேலை பார்க்கும் கடைகள் உண்டு. அடோபி நிறுவனம் அதை வெளியிட்டது 2001-ல். அதற்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. வானவில், ஸ்ரீலிபி என்று யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள், டைப்ரைட்டரில் பழகிய விரல்கள், முனகும் ஃபேனோடு ஒரு பழைய பெட்டி. “அண்ணே, மாப்பிள்ளை வீட்டு ஊர் பேரு தப்பா இருக்கு” என்று யாராவது ஓடிவந்தால், ஐந்து நிமிடத்தில் திருத்தி பிரின்ட் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெட்டிக்கு வேகம் போதவில்லை என்று எந்த முகூர்த்தமும் தள்ளிப்போனதில்லை.

அமெரிக்காவிலும் ஒருவர் இப்படி இருக்கிறார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் மூலக் கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த நாவல்களை அவர் எழுதுவது டாஸ் காலத்து ‘வேர்ட்ஸ்டார் 4.0’ மென்பொருளில். இதை அவரே ஒரு டி.வி. பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

‘அப்படியானால் எல்லாரும் பழசையே வைத்துக்கொள்ளலாமே?’ என்றால், அங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. மார்ட்டினின் அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இணைப்பு கிடையாது. பத்திரிகை அடிக்கும் பெட்டிக்கும் அந்த வேலைக்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால், வீட்டுக் கம்ப்யூட்டர் வெளி உலகத்தோடு பேசியே ஆக வேண்டும். கரன்ட் பில், பேங்க், பரீட்சை ரிசல்ட், டிக்கெட் என்று எல்லாமே பிரவுசர் வழியாகத்தான். அந்தப் பிரவுசரும் அதில் திறக்கும் பக்கங்களும் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன.

எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. விண்டோஸ் 95-க்குத் தேவைப்பட்ட குறைந்தபட்ச ரேம் 4 எம்.பி. 2001-ல் வந்த எக்ஸ்பிக்கு 64 எம்.பி. 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்கு 1 ஜி.பி. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. முதலுக்கும் கடைசிக்கும் சுமார் ஆயிரம் மடங்கு. நாம் எழுதும் லீவ் லெட்டர் ஆயிரம் மடங்கு நீளமாகிவிடவில்லை.

பாஸ்கல் என்ற கணினி மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைக் கவனித்து எழுதினார். வன்பொருள் வேகமெடுப்பதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டு வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். ‘விர்த் விதி’ என்று பெயரே வந்துவிட்டது. சம்பளம் ஏற ஏறச் செலவும் ஏறிக்கொள்ளும் குடும்பஸ்தருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், எல்லாமே வீண் கொழுப்பு என்று சொன்னால் அதுவும் நியாயமில்லை. விண்டோஸ் 95-ல் தமிழே கிடையாது. தனியாக எழுத்துரு வாங்கிப் போட வேண்டும். அனுப்புபவரிடம் இருக்கும் எழுத்துரு பெறுபவரிடம் இல்லாவிட்டால் கடிதம் முழுக்கக் கோணல்மாணலாகத் தெரியும். ‘லதா’ எழுத்துருவோடு விண்டோஸுக்குள் தமிழ் முறையாக வந்தது விண்டோஸ் 2000-ல்தான். இன்று எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் தமிழ் தெரிகிறது. அந்த வசதிக்கும் பாதுகாப்புக்கும் கொஞ்சம் ரேம் கொடுக்கலாம்.

சாதாரண வீடுகளுக்கு உண்மையான இடி வந்தது வேறு பக்கத்திலிருந்து. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டில் பயன்படுத்துபவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, அவ்வளவுதான். சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2016-ல் ஆசை ஆசையாக வாங்கிய ஐ7 லேப்டாப் இந்த வரிசையில் வெளியே நிற்கிறது. அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்த மலிவான ஐ3 உள்ளே போய்விடுகிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லாதவரை ‘வயசாகிவிட்டது’ என்று சால்வை போர்த்தி அனுப்பி வைக்கிற மாதிரி.

அன்றைக்கு ஐ7-க்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் எங்கே போனது? வேகத்துக்குக் கொடுத்த விலை, கூடுதலாக ஒரு வருடத்தைக்கூட வாங்கித் தரவில்லை. அதனால், ‘எத்தனை கிகாஹெர்ட்ஸ்?’ என்பதைவிட, ‘எத்தனை வருஷம் அப்டேட் வரும்?’ என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய கேள்வி. செல்போனுக்கும் இதே கேள்விதான். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 வந்தபோது அந்த நிறுவனங்கள் ஏழு வருட அப்டேட் தருவதாக அறிவித்தன. விலை குறைந்த பல போன்களுக்கு இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கேமராவின் மெகாபிக்சலை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுபவர்கள், இந்த வருடக் கணக்கைப் பொடி எழுத்தில்கூடப் போட யோசிக்கிறார்கள்.

சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர் நிஜமாகவே தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், ஆர்க்கிடெக்சர் படிப்பவர்கள், முப்பரிமாண டிசைன் போடுபவர்கள், பெரிய கேம் விளையாடுபவர்கள். அவர்களுக்கு ஐ7-ம் போதாமல் போகலாம். பிள்ளை எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்து, காலேஜில் இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. மற்றவர்களுக்கு நடுத்தர பிராசசர், எஸ்.எஸ்.டி., 8 ஜி.பி. ரேம் இருந்தால் அன்றாட வேலை ஓடிவிடும். பின்னால் ரேம் சேர்க்க இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெலிசான லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள்.

இப்போது கடைகளில் புதிய மந்திரச் சொல், ஏ.ஐ. லேப்டாப். ‘பாப்பா சாட்ஜிபிடி யூஸ் பண்ணணும்ல சார்?’ என்று கேட்டால் எந்த அப்பாவும் விழுந்துவிடுவார். ஆனால், சாட்ஜிபிடி யோசிப்பது வீட்டு லேப்டாப்பில் இல்லை. எங்கோ இருக்கும் சர்வரில். வந்த பதிலைத் திரையில் காட்டுவது மட்டும்தான் லேப்டாப்பின் வேலை. அதைப் பழைய லேப்டாப்பும் செய்யும், கையில் இருக்கும் போனும் செய்யும். லேப்டாப்புக்குள்ளேயே ஏ.ஐ. ஓட்டத் தனிச் சிப் உள்ள மாடல்கள் வந்திருப்பது உண்மை. பி.காம் முதல் வருடத்துக்கு அது கட்டாயம் இல்லை.

புதிதாக வாங்குவதற்கு முன், வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். 2011-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அக்கா படித்து, தம்பி படித்து, இப்போது புடவைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். ஆன் செய்தால் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ‘பிராசசர் போச்சு’ என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை, ஹார்ட் டிஸ்க். இசைத்தட்டு மேல் முள் நகர்கிற மாதிரி, நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டின் மேல் ஒரு கை அலைந்து அலைந்து ஒவ்வொரு கோப்பையும் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே இல்லை. மாற்றிப் போட்டால், இதே பெட்டியா என்று கேட்கத் தோன்றும். செலவு சில ஆயிரம் ரூபாய். இதிலும் ஒரு வேடிக்கை, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025-ன் கடைசியிலிருந்து இவற்றின் விலையும் ஏறிவிட்டது. எங்கோ ஒரு சர்வர் கவிதை எழுதிக் கற்றுக்கொள்வதற்கு, இங்கே ஒருவர் ரேமுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்.

மிகப் பழசாக இருந்தால் லினக்ஸ் போடலாம். அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பல வீடுகளில் அதை யாரும் திறக்கவே இல்லை. அடுத்த முறை ஃபார்மேட் செய்யப் போனபோது கடைக்காரர் அழித்துவிட்டார். பக்கத்தில் கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பழகுகிறார்கள். டேலி மட்டும் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும் என்பதால், டேலி கற்கும் பெண்ணுக்கு இது ஒத்துவராது. தாத்தா பேப்பர் படிக்க, பாட்டி சீரியல் பார்க்க, பையன் டைப்பிங் பழகத் தாராளமாகப் போதும்.

எஸ்.எஸ்.டி. மாற்றும்போது கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது. சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஸ் வாங்கி அதில் போட்டால், யு.எஸ்.பி.யில் செருகிப் பார்க்கலாம். அக்காவின் காலேஜ் பிராஜெக்ட்டும், யாரும் காப்பி எடுத்து வைக்காத மாமாவின் கல்யாணப் படங்களும் அதற்குள்தான் இருக்கும்.