140 கிலோ… ரெண்டே பேர்!

ஜிம்முக்குப் போய் டம்பெல் தூக்குற பார்ட்டியா நீங்க? அப்போ இந்தக் கேள்வி உங்களுக்குத்தான். நாலடி நீளம், நாலடி சுற்றளவுல ஒரு பச்சை மரக்கட்டை உங்க முன்னாடி கிடக்கு. தூக்குவீங்களா?

'ஜுஜுபி'ன்னு சட்டைக் கையை மடிக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கணக்கு. நாலடி சுற்றளவுன்னா விட்டம் ஒண்ணேகால் அடிக்குக் கொஞ்சம் மேல. மொத்தம் அஞ்சு கன அடி. ஒரு கன அடி தண்ணி 28 கிலோ சொச்சம். புதுசா வெட்டின மரம் கிட்டத்தட்ட தண்ணி எடை இருக்கும். பெருக்கிப் பாருங்க… 140 கிலோ!

அந்த சைஸ்ல மூணு, அதைவிடச் சின்னதா அஞ்சாறு. எங்க வீட்டுக் கொல்லையில கிடந்த சரக்கு இது. லால்குடி பக்கம் எங்க ஊரு. ஆடிக் காத்துல முப்பது வருஷ வேம்பு வேரோட சாஞ்சிடுச்சு. வீட்டுப் பக்கம் விழாம தப்பிச்சோம். அப்பாயிக்குத்தான் தாங்கலை. "ஆடி மாசத்துல ஆத்தாவே கீழ விழுந்துட்டாளே"ன்னு மரத்துக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க.

எங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும். இருபது வருஷம் மார்க்கெட்ல லோடுமேன். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்புல டிஸ்க் நகர்ந்து, நாலு வருஷமா 'அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது'ன்னு டாக்டர் ஆர்டர். இப்போ ஒரு மண்டியில சீட்டு எழுதுறார். அப்பேர்ப்பட்ட மனுஷன் எதிர்ல ஒம்பது கட்டையைப் போட்டுட்டு 'தொடாதீங்க'ன்னா எப்படி இருக்கும்? கட்டைகிட்ட போவார், ரெண்டு கையையும் தேய்ப்பார், அம்மா முறைப்பாங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வந்துடுவார்.

மெஷின்காரர் அரை நாள்ல அறுத்துத் துண்டு போட்டுட்டுப் போயிட்டார். ஆனா, மரம் வாங்க வந்தவர், "ரோட்டுக்குக் கொண்டாந்து வண்டியில ஏத்திக் கொடுத்தா இந்த விலை. நாங்க ஏத்தினா கூலி கழிஞ்சிரும்"னு சொல்லிட்டார். கூலி கழிஞ்சா என் எக்ஸாம் ஃபீஸுக்குத் துண்டு விழும். வேற வழி? மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நானும், ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பியும் களத்துல இறங்கினோம். டைரக்‌ஷன், நாற்காலியில உக்காந்தபடி அப்பா.

"தூக்கணும்கிற நெனப்பை முதல்ல விடு பாப்பா"ன்னு ஆரம்பிச்சார்.

உருட்டிட்டே போயிடலாமேன்னு தம்பி சொன்னான். சந்து மூணடி, கட்டை நாலடி… குறுக்க எப்படிப்பா உருளும்? நீளவாக்குலதான் இழுக்கணும். அதுக்குப் பழைய போர் பைப்புத் துண்டு மூணு. அஞ்சடிக் கடப்பாரையைக் கட்டைக்கு அடியில விட்டு, முனையிலருந்து அரையடியில ஒரு கல்லை அண்டக் கொடுத்து அமுக்கினா, ஒரு பக்கம் 70 கிலோ எழும்புறதுக்கு நாம கொடுக்க வேண்டியது எட்டு கிலோதான். அந்த இடைவெளியில பைப்பைத் தள்ளணும். அப்புறம் தள்ளத் தள்ள, பின்னாடி விடுபடுற பைப்பை எடுத்து ஓடிவந்து முன்னாடி போடணும். அதுதான் தம்பி வேலை. முதல் கட்டை ரோட்டுக்கு வரவே முக்கால் மணி நேரம். எதிர்வீட்டு அத்தை வந்து, "பொம்பளப் புள்ளையப் போய் இந்த வேலை வாங்குறியே"ன்னு அப்பாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் பதிலே சொல்லலை. பைப்பு கோணலா போகுதான்னு பார்த்துட்டிருந்தார்.

குட்டியானையில ஏத்துறதுதான் கிளைமாக்ஸ். ஒம்பதடிப் பலகை ரெண்டைச் சாய்ச்சு வெச்சோம். ரெண்டு கயிறு. ஒரு நுனியை வண்டியில கட்டி, கட்டைக்கு அடியில விட்டு, மேல சுத்தி, மறு நுனியை வண்டி மேல நின்னு ஆளுக்கு ஒண்ணா இழுக்கணும். வண்டி உயரம் மூணடின்னு வெச்சுக்கங்க, சரிவு காரணமா 140 கிலோ 47 ஆயிடும். கயிறு சுத்தின விதத்துல அது பாதி. ஆளுக்குப் பன்னெண்டு கிலோ! நிறைஞ்ச கேஸ் சிலிண்டர்ல பாதிகூட இல்லை. "மூவிங் புல்லி… மெக்கானிக்கல் அட்வான்டேஜ் ரெண்டு!"ன்னு கத்தினேன். "பேரெல்லாம் தெரியாது பாப்பா, பாதி பாரத்தை அந்த முடிச்சு வாங்கிக்கும்"னார் அப்பா. நான் மூணு வருஷமா படிக்கிறதை ஒரே வரியில சொல்லிட்டார் மனுஷன்.

ஒண்ணு கவனிங்க, கட்டை மேல ஏறும்போது சரிவுக்குக் கீழ யாரும் நிக்கவே கூடாது. அப்பா இதுல ரொம்ப கறார்.

கடைசிக் கட்டை பாதி வழியில நின்னுடுச்சு. எங்க ரெண்டு பேர் கையும் தோல் உரிஞ்சு எரியுது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அம்மா "ஏங்க!"ன்னு அலறிட்டாங்க. அவர் கயிறைத் தொடலை. ஓரமா வந்து நின்னு, "ஏலேலோ… ஐலசா!"ன்னு குரல் கொடுத்தார். மார்க்கெட்ல ஆள் சேர்க்குற குரல். நாலு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் அதைக் கேட்டேன். அந்த 'சா'வுல இழுத்தோம், கட்டை ஏறிடுச்சு. அம்மா முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுட்டு, மோர் கலக்கணும்னு உள்ள போயிட்டாங்க.

அளக்கும்போது இன்னொரு கூத்து. சுற்றளவை நாலா வகுத்து, அதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கினார் மரம் வாங்கினவர். அஞ்சு கன அடிக் கட்டைக்கு நாலுதான் வந்துச்சு! சண்டைக்குக் கிளம்பிட்டேன். அப்பா கையைப் பிடிச்சு, "பட்டை, ஓரம், ரம்பத்தூளுக்குக் கழிவு அது. காலங்காலமா வழக்கம்"னார். தேடிப் பார்த்தா, 1736-லயே இங்கிலாந்துல எட்வர்டு ஹாப்பஸ்ங்கிறவர் இந்தக் கணக்குக்கு வாய்ப்பாடு போட்டுப் புத்தகமே வெளியிட்டிருக்கார். இருந்தாலும், விறகாப் போற கட்டைக்கு எதுக்கு ரம்பத்தூள் கழிவுங்கிற என் கேள்வி அப்படியேதான் நிக்குது.

ஃபீஸ் கட்டியாச்சு. அடிக்கட்டையும் வேரும் இன்னும் கொல்லையிலதான் கிடக்கு. அப்பா தினமும் சாயங்காலம் அதைச் சுத்தி வந்து, எங்க கடப்பாரை போடலாம்னு பிளான் போட்டுட்டிருக்கார். வர்ற ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருக்கிற ஜிம் பாய்ஸ் வரலாம். மோர் உண்டு, கூலி கிடையாது!