டிரெஸ்டன்காரர் படித்த காஞ்சிச் சுவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கம்பெனி பஸ்களுக்கு இரவு பகல் கிடையாது. நடுவில் வரும் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. தொழிலாளர்களுக்காக சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பும் அங்கேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் 18,720 பெண்கள் தங்கலாம். உலகம் முழுக்கப் படம் பிடித்துத் திரியும் ஐபோன்களில் ஒரு பங்கு இந்த வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து புறப்படுகிறது. கேமராவைப் பொருத்துகிற கைகளுக்கே அதை வைத்துப் படமெடுக்க நேரம் கிடைப்பது வார விடுமுறையில்தான். அந்த ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில், சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில், 1,300 ஆண்டு வயதுள்ள மணற்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்.

ஜெர்மனியில் வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி, வேறொரு நகரத்தில் இரண்டு நாள் கேமராவோடு சுற்றிவிட்டு ஞாயிறு இரவு திரும்புவது சாதாரணப் பழக்கம். பெர்லினிலிருந்து அப்படிப் போகிறவர்களுக்குப் பிடித்த ஊர்களில் ஒன்று டிரெஸ்டன். ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். எல்பே ஆற்றங்கரை, பழைய அரண்மனைகள், மணற்கல் தேவாலயம் எல்லாம் நடக்கும் தூரத்தில். ஒரகடத்தில் 2012-இலிருந்து பாரத்பென்ஸ் லாரி ஓடிவரும் ஆலை ஜெர்மானிய டெய்ம்லருடையது என்பதால், இந்தச் சாலைக்காரர்களுக்கு ஜெர்மனி அப்படியொன்றும் அந்நியமல்ல. ஆனால் காஞ்சிக்கும் டிரெஸ்டனுக்கும் லாரியைவிடப் பழைய சொந்தம் ஒன்று உண்டு.

அந்தச் சொந்தத்தின் பெயர் ஆய்கன் ஹுல்ஷ். 1857-இல் டிரெஸ்டனில் பிறந்தவர். சமஸ்கிருதம் படித்து, 1886-இல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராக வந்து சேர்ந்தார். 1903 வரை இங்கே வேலை பார்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜ சோழன் என்பதை அதன் கல்வெட்டுகளைப் படித்து ஐயமின்றி நிறுவியவர் அவர்தான். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் முதல் தொகுதியை அவர் 1890-இல் வெளியிட்டபோது, அதில் முக்கியமான இடம் பிடித்தவை கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள்.

அந்தச் சுவர்கள் அவருக்குச் சொன்ன கதை பெரியது. பல்லவ மன்னன் ராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கட்டினான். கோயிலைச் சுற்றிய திருச்சுற்று மதிலின் உள்பக்கம் முழுவதும் சின்னச் சின்னச் சன்னதிகள், மொத்தம் 58. அவற்றின் அடிப்பகுதியில் மன்னன் தன் பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறான். ஒன்றிரண்டல்ல, சுமார் 250. ஸ்ரீபரன், ரணஜயன், அத்யந்தகாமன், ஆகமப்ரியன் என்று நீளும் அந்த வரிசையில் வாத்யவித்யாதரன், வீணாநாரதன் என்று இசைஞானத்தைப் பீற்றிக்கொள்ளும் பெயர்களும் வருகின்றன. அதுவும் போதாதென்று, நான்கு வகை எழுத்து வடிவங்களில் எழுதச் சொல்லியிருக்கிறான். சில எழுத்துகளின் நுனிகள் கொடிபோல் சுருண்டு, அன்னத்தின் கழுத்துபோல் வளைகின்றன. படிப்பதற்காக வெட்டியதா, பார்ப்பதற்காக வெட்டியதா என்று சந்தேகம் வரும்.

எதிரி அரசனுக்கும் இங்கே ஒரு தூண் கிடைத்திருக்கிறது. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது கோயில் செல்வத்தைக் கொள்ளையடிக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது மண்டபத் தூணில் உள்ள கன்னடக் கல்வெட்டு. அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டிய விரூபாட்ச கோயிலில் காஞ்சியின் சாயல் தெரிவதற்குப் பின்னணி இந்தப் படையெடுப்புதான். கோயிலுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் சிறு கோயில்களில் ஒன்று ராஜசிம்மனின் அரசி ரங்கபதாகையின் பெயரைத் தாங்குகிறது. நுழைந்ததும் எதிர்ப்படும் சிறிய கோயில் மகன் மகேந்திரவர்மன் கட்டியது. ஆக, ஒரு குடும்பமும் அதன் பகைவனும் ஒரே வளாகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஹுல்ஷ் காலத்தில் ஒரு கல்வெட்டை ஊருக்கு எடுத்துப் போக வழி மைப்படி. கல்லைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றி எடுப்பார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் பதியும். அளவு துளியும் மாறாத நிஜ உரு அது. கோயிலின் வடிவத்துக்கு அதே வேலையைச் செய்தவர் அலெக்சாண்டர் ரீ. 1909-இல் வந்த அவருடைய ‘பல்லவக் கட்டடக்கலை’ நூலில் காஞ்சிக் கோயில்களின் அளவு வரைபடங்களும் நிழற்படங்களும் உள்ளன. இன்றைக்குச் சுவரில் தேய்ந்து போன உருவம் ஒன்று ஒருகாலத்தில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இப்படிப்பட்ட பழைய பதிவுகளைத்தான் தேடிப் போகவேண்டும்.

தேய்ந்து போகும் என்பதுதான் இந்தக் கோயிலின் முதல் உண்மை. மாமல்லபுரத்தில் கடும் பாறையைக் குடைந்து பழகிய பல்லவச் சிற்பிகள், இங்கே அடித்தளத்துக்குக் கருங்கல்லும் மேலே மணற்கல்லும் வைத்தார்கள். மணற்கல் உளிக்கு இணங்கும். தூணுக்குத் தூண் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிம்மங்களும், சுவர் நிறைய நெருக்கியடித்து நிற்கும் சிவ வடிவங்களும் இத்தனை செழிப்பாக வந்ததில் அந்த மென்மைக்குப் பங்குண்டு. அதே மென்மைதான் பலவீனமும். மழைநீர் கல்லுக்குள் ஊறும், வெயிலில் காயும்போது கரைந்த உப்பு மேற்பரப்புக்கு அருகே படிகமாகும், அந்தப் படிகம் கல்லின் மேல்தோலைப் பொடியாகத் தள்ளிவிடும். கருங்கல்லில் வெட்டிய எழுத்து கூர்மையாக நிற்க, மணற்கல்லில் வெட்டியது பல இடங்களில் மங்கியிருப்பதற்கு இதுவே காரணம். பிற்காலத்தில் பழுதுபார்க்கிறேன் என்று பூசிய சுதை பல சிற்பங்களின் முகத்தையே மாற்றிவிட்டது.

பூச்சு சில நேரம் காப்பாற்றவும் செய்யும். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1931-இல் இந்தச் சிறு சன்னதிகளின் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்களைக் கண்டார். சோமாஸ்கந்தர் குடும்பத்தின் கோடுகள், சில முகங்கள், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். இன்று மிஞ்சியிருப்பவை துணுக்குகளே. குனிந்து எட்டிப் பார்க்காதவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஹுல்ஷின் சொந்த ஊருக்கும் மணற்கல்லோடு ஒரு கணக்கு உண்டு. டிரெஸ்டனின் ஃபிரௌவென்கிர்ஷே தேவாலயம் 1726-க்கும் 1743-க்கும் இடையே எல்பே மணற்கல்லில் எழுந்தது. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் நகரம் எரிந்தது. இரண்டு நாள் அனலில் வெந்த தூண்கள் தாங்காமல், 15-ஆம் தேதி காலை பெரிய கவிமாடம் இடிந்து விழுந்தது. அந்த ஆண்டே ரிச்சர்ட் பீட்டர் என்ற புகைப்படக்காரர் நகர மன்றக் கோபுரத்தில் ஏறி எடுத்த படம் இன்றும் டிரெஸ்டன் என்றதும் கண்முன் வருகிறது. கையை விரித்து நிற்கும் கற்சிலை, கீழே கூரையில்லாத தெருக்கள். அந்தப் படங்களைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூலுக்கு, கேமரா குற்றம் சாட்டுகிறது என்ற பொருளில் தலைப்பு வைத்தார்.

கிழக்கு ஜெர்மனி அரசு அந்த இடிபாட்டைப் போர் நினைவிடமாக அப்படியே விட்டுவைத்தது. நாடு இணைந்த பிறகு, 1994-இல் மறுகட்டுமானம் தொடங்கியது. கற்குவியலிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, அளந்து, படமெடுத்து, எண்ணிட்டு, எது எங்கே இருந்திருக்கும் என்று கணினியில் பொருத்திப் பார்த்தார்கள். சுமார் 3,800 பழைய கற்கள் மீண்டும் கட்டடத்துக்குள் போயின. 2005 அக்டோபர் 30-இல் தேவாலயம் திறந்தது. காலத்தில் கறுத்த பழைய கற்கள் வெளிர்மஞ்சள் புதுச் சுவரில் ஆங்காங்கே தெரிகின்றன. அங்கே வார விடுமுறைக்கு வருபவர்கள் அந்தக் கரும்புள்ளிகளைத்தான் தேடித் தேடிப் படமெடுக்கிறார்கள்.

அந்தப் பணியில் ஒரு சிக்கல் வந்தது. பழைய ஓக் மரக் கதவுகள் எப்படி இருந்தன என்பதற்குச் சரியான வரைபடம் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்களிடம் அவர்களுடைய கல்யாணப் படங்களைக் கேட்டார்கள். ஜோடிகள் கதவுக்கு முன்னால் நின்றுதானே படமெடுத்திருப்பார்கள்! ஆல்பங்கள் வந்து குவிந்தன. மணமக்களின் தோளுக்குப் பின்னால் தெரிந்ததை வைத்துக் கதவின் வடிவத்தை மீட்டார்கள்.

பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிக்கு வரும் குடும்பங்கள் கைலாசநாதர் கோயில் புல்வெளியிலும் திருச்சுற்றிலும் நின்று எடுத்த படங்கள் எத்தனை வீட்டு அலமாரிகளில் இருக்கும்! 1970-களின் கறுப்பு வெள்ளைப் படமானாலும் சரி, நேற்றைய செல்ஃபியானாலும் சரி, ஆட்களுக்குப் பின்னால் நிற்கும் சிம்மத்தின் மூக்கு அந்த நாளில் இருந்ததா இல்லையா என்பதற்கு அது சாட்சி. வல்லம் வடகாலிலிருந்து ஞாயிறு காலை புறப்படுகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர் எடுக்கும் படத்தின் கட்டமைப்பே மாறிவிடும். முகத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் சுவருக்கு இடம் கிடைக்கும்.

போவது எளிது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையிலும் போகலாம். ஒரகடம், வாலாஜாபாத் வழியாகவும் போகலாம். கோயில் நகரின் மேற்குக் கோடியில், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தை அடுத்து இருக்கிறது. சீக்கிரம் போய்விட வேண்டும். கோயில் கிழக்கு நோக்கியது. முன்வரிசைச் சிறு கோயில்கள் மேல் காலை வெயில் நேராக விழும். சற்றுத் தள்ளித் தோட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நந்தியைப் பின்னாலிருந்து எடுத்தால் அதன் திமிலுக்கு மேலே கோயில் முழுவதும் சட்டத்துக்குள் அடங்கும்.

உள்ளே வெயில் வேறு கணக்குப் போடும். மதிலுக்கும் விமானத்துக்கும் இடையே இடம் குறுகலானது. சூரியன் ஓரளவு ஏறினால்தான் சுவரில் வெளிச்சம் இறங்கும். தென்சுவர் தட்சிணாமூர்த்திக்கு மார்கழி, தை மாதங்களில் நல்ல சாய்ந்த ஒளி கிடைக்கும். வடசுவருக்கு அந்த மாதங்களில் நேர்வெயிலே கிடையாது. காஞ்சி இருக்கும் அட்சரேகையில் உச்சிச் சூரியன் வடபக்கம் சாய்வது ஏறக்குறைய ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரைதான். ஆகவே வடசுவரைப் பார்க்க நினைப்பவர் கத்திரி வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கல்தரை கொதிக்கும், காலில் சாக்ஸ் இருந்தால் நல்லது.

கருவறைக்குள் படமெடுக்கக் கூடாது. கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முக்காலி வைக்கவும் படப்பிடிப்பு நடத்தவும் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கருவறையைச் சுற்றும் குறுகிய பாதையில் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வரவேண்டும் என்பதால், கேமராவைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவதே உத்தமம்.

கைப்பேசியே போதும். ஆனால் அகலக் கோண லென்ஸை நம்பி நெருங்கி நின்று எடுத்தால் தூண்கள் வளைந்துவிடும். ஒரு சன்னதியை, பாதிப் பாதி மேற்பொருந்தும்படி, நகர்ந்து நகர்ந்து பல படங்களாக எடுப்பது நல்லது. பிறகு மென்பொருளில் அவற்றைத் தைத்தால் முழுச் சுவரும் வளையாமல் கிடைக்கும். அளவு தெரிய ஒரு சிறு அளவுகோலைச் சட்டத்தின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளலாம். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்ப்பது கல்லுக்குக் கேடு. அதற்குப் பதில், கூட வந்தவர் தன் கைப்பேசி டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் போதும். வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து, நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்து எழுந்து வரும்.

ஹுல்ஷ் அச்சிட்ட பட்டியல் சன்னதி சன்னதியாக எண்ணிடப்பட்டது. அந்தத் தொகுதி இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக மறுபதிப்பு பெற்று நூலகங்களில் கிடைக்கிறது. அதன் வரிசைப்படி திருச்சுற்றைச் சுற்றிவந்தால், 1890-இல் படிக்க முடிந்த பெயர்களில் எவை இன்றும் படிக்கும் நிலையில் இருக்கின்றன, எவை பொடியாகிவிட்டன என்று தேதி போட்ட படங்களோடு ஒப்பிட முடியும். 58 சன்னதிகளையும் ஒரே ஞாயிறில் முடிக்க வேண்டியதில்லை. சன்னதிகள் மதிலின் உள்பக்கம் இருப்பதால், வடபக்க வரிசையைத் தை மாதத்திலும் தென்பக்க வரிசையை அடுத்த சித்திரைக் கடைசியிலும் எடுத்துக்கொள்ளலாம்.