அது மூலம்தான் என்று யார் சொன்னது?

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம். திம்புவில் முதற்கட்டப் பேச்சுவார்த்தை நடந்து முடிந்த நாட்கள் அவை. பத்திரிகையின் முன்பக்கத்தில் வேறெதற்கும் இடமில்லை. அந்த நெருக்கடிக்குள்தான் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரேகனின் குடல் வந்து சேர்ந்தது. ஜூலை 13ஆம் திகதி அவரது பெருங்குடலில் ஏறக்குறைய இரண்டு அடியை வெட்டி அகற்றினார்கள். அதிலிருந்த கட்டி புற்றுநோய் என்று இரண்டு நாட்களின் பின்னர் அறிவித்தார்கள். செய்தியை மொழிபெயர்த்தவன் நான். 'பெருங்குடலில் சத்திரசிகிச்சை' என்று தலைப்பிட்டிருந்தேன். மூத்தவர் ஒருவர் அதை 'வயிற்றில் சத்திரசிகிச்சை' என்று திருத்தினார். காலைத் தேநீரோடு பத்திரிகை படிப்பவர்களுக்குக் குடல் எதற்கு என்பது அவருடைய வாதம்.

சற்று நேரத்தில், ஒப்புநோக்காளராக இருந்த அண்ணர் கையில் தாளோடு வந்தார்.

"தம்பி, தலைப்பிலை வயிறு, உள்ளுக்கை குடல். எதை விடுகிறது?"

"இரண்டும் கிடக்கட்டும் அண்ணை" என்றேன். சிரித்துக்கொண்டு போனார்.

எழுத்துப்பிழையை மட்டுமல்ல, பொருட்பிழையையும் பிடிக்கும் கண் அவருடையது. அந்தக் கண்ணே தன் உடலில் ஓடிய பிழையைப் பார்த்தும் திருத்தாமல் விட்டது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில், இரவுக் கடமையின்போது, மலத்தோடு இரத்தம் போவதாக என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒண்டுமில்லை, மூலக்கொதிப்பு. இந்தக் கதிரையிலை விடிய விடிய இருந்தால் வேறென்ன வரும்?" நானும் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமா? கருணைக்கிழங்கும் மோரும் சேர்க்கச் சொல்லி என் அம்மாவின் வைத்தியத்தையும் எடுத்துரைத்தேன். அவர் அதைக் கடைப்பிடித்தார் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துவது.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்தது. இடுப்புப்பட்டியில் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்தார். மலங்கழித்து வந்த பின்னும் இன்னும் மிச்சமிருப்பதுபோல இருக்கிறது என்று அடிக்கடி எழுந்து போவார். கடைசியில் வைத்தியரிடம் போனபோது, கையுறை அணிந்த ஒரு விரலைச் செலுத்திப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. மலக்குடலில், விரலுக்கு எட்டும் தூரத்தில் கட்டி இருந்தது. அதற்குள் ஈரலுக்கும் பரவியிருந்தது. ஐந்து மாதம் இருந்தார். செத்தவீட்டில் அவருடைய மனைவி என்னிடம் கேட்டா: "நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள். உங்களுக்கும் ஒண்டும் சொல்லேல்லையோ?" சொன்னார் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இவ்வளவும் பட்டறிந்தவன் தனக்கு வந்தபோது விவேகமாக நடந்துகொண்டிருப்பான் என்று நீங்கள் எண்ணக்கூடும். இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் மலசலகூடத்தில் சிவப்பைக் கண்டபோது முந்திய நாள் தின்ற பீற்றூட்டின் மீது பழியைப் போட்டேன். பீற்றூட் மலத்தைச் சிவப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் பதினொரு வாரங்களுக்கு அல்ல.

வைத்தியர் முதலில் கேட்டது நிறத்தைத்தான். மலத்தின் மேற்புறத்திலோ துடைக்கும் தாளிலோ காணப்படும் பளிச்சென்ற சிவப்பு பெரும்பாலும் ஆசனவாய்க்கு அருகிலிருந்து வருவது. வலியின்றிச் சொட்டுச் சொட்டாக வடிந்தால் மூலமாக இருக்கலாம்; கத்தியால் கீறுவதுபோல வலித்தால் வெடிப்பாக இருக்கலாம். கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து வந்தால் இன்னும் மேலே தேடவேண்டும். சளியும் இரத்தமும் வயிற்றோட்டமுமாக வந்தால் வயிற்றுளைவு, அல்லது குடல் அழற்சி. தார்போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு கடும் நாற்றமெடுத்தால் பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் கசிகிறது என்று பொருள். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் அஸ்பிரினும் இதற்கு அடிக்கடி காரணமாகின்றன. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதற்காக எல்லாக் கறுப்பையும் இரும்பின் கணக்கில் எழுதிவிட முடியாது.

எனக்கு உள்மூலம் இருந்தது. "அப்போ மூலந்தானே டொக்டர்?" என்று நிம்மதியோடு எழுந்தேன். இருக்கச் சொன்னார். மூலம் இருக்கிறது என்பது மேலே வேறொன்று இல்லை என்பதற்குச் சாட்சியாகாது என்றார். பத்திரிகைக்காரனுக்கு இதை இன்னொருவர் சொல்லவேண்டியிருந்தது வெட்கந்தான்.

குழாய்க் கமராவால் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலொனோஸ்கோப்பிப் பரிசோதனையைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். கொடுமை பரிசோதனையில் இல்லை, முதல் நாளிரவு குடிக்கும் பேதி மருந்தில்தான் இருக்கிறது. அன்றிரவு நான் வாசித்த புத்தகம் முழுவதும் மலசலகூடத்திலேயே வாசித்தது. மறுநாள் மயக்கமருந்தின் தூக்கக் கலக்கத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டு சிறு முளைகளைக் கண்டு, அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒன்று ஒரு சென்ரிமீற்றர் அளவு. புற்றுநோய் அல்ல; விட்டுவைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடியது. பெருங்குடற் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இத்தகைய முளைகளிலிருந்தே, பல ஆண்டுகள் எடுத்து, மெல்ல உருவாகின்றன. அந்த ஆண்டுகள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். ரேகன் 2004இல், 93 வயதில்தான் இறந்தார்.

எப்போது வைத்தியரிடம் போவது என்று கேட்பவர்களுக்கு: இரத்தம் மீண்டும் மீண்டும் வந்தால், ஒரு சொட்டானாலும் போகவேண்டும். மலங்கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்காகியிருந்தால், உடல் மெலிந்தால், காரணமின்றிக் களைத்தால், குடும்பத்தில் எவருக்காவது இந்நோய் இருந்திருந்தால், நாளைக்கென்று தள்ளவேண்டாம். வயது குறைவு என்பதும் கவசமல்ல. 'பிளாக் பாந்தர்' படத்தின் நாயகன் சட்விக் போஸ்மன் 2020இல் இதே நோயால் இறந்தபோது அவருக்கு 43 வயது. கட்டிகட்டியாக நிறைய இரத்தம் போனாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்தெடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், எடுக்கிறோம் என்பதை மறவாமல் சொல்லவேண்டும்.

லண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். அரசியல் எல்லாம் பேசி முடித்தபிறகு குரலைத் தாழ்த்தினார். மூன்று மாதமாக மூலக்கொதிப்பாம். பிரித்தானியாவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பொதி தபாலில் வீட்டுக்கே வருகிறது. அவருக்கு வந்தது குசினி லாச்சிக்குள் பிரிக்காமல் கிடக்கிறதாம். அந்தப் பொதி அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது. இரத்தம் கண்டவர் நேரே வைத்தியரிடம் சொல்லவேண்டும் என்றேன். பிறகு நிறத்தைக் கேட்டேன். "இதையெல்லாம் போனிலை கேட்கிறதோ?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். வரும் செவ்வாய்க்கிழமைக்கு வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிறார்.