தண்ணீர் வரும் நேரம்

மார்ச் 16

மரப்படகு என்றால் கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் இருப்பது பஞ்சுதானே. அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மர விசைப்படகுகளில் அடியில் ஈரமே இல்லாத படகைக் காட்டுவது கஷ்டம். அதனால் தண்ணீர் இருப்பது ஒரு விஷயமே இல்லை. வழக்கத்தைவிடக் கூடினால்தான் விஷயம்.

இன்று கரை வந்து மீன் இறக்கியதும் மச்சான் சொன்னார்: “பம்பு அடிக்கடி ஓடுது மாப்ள. முந்தி இப்படி ஓடாது.” படகை ஓட்டுகிறவர் அவர். கணக்கும் பழுதும் என் பொறுப்பு.

எங்கள் பம்பில் மிதவை சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் தானே போடும், இறங்கினால் தானே அணைக்கும். வசதிதான். ஆனால் வரும் தண்ணீர் இரண்டு மடங்கானாலும் படகில் இருப்பவருக்குத் தெரியாமல் போவதும் இந்த வசதியால்தான். ஸ்டீரிங் அருகே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். பம்பு ஓடும்போதெல்லாம் நேரம், அப்போது படகு போகிறதா, மடி வலை இழுக்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று எழுதச் சொன்னேன்.

நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 லிட்டர். அது ஒன்றும் படகை மூழ்கடிக்காது. நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே 1 செ.மீ. விட்டத்தில் ஓட்டை விழுந்தால் மணிக்கு 700 லிட்டருக்கு மேல் வரும். முதலாவதை அலட்சியப்படுத்துகிறவர்களுக்கு இரண்டாவது எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல முடியாது.

ஏப்ரல் 14

இன்று நள்ளிரவு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள். 2017க்கு முன்பு 45 நாள்தான். மீன் குஞ்சு பொரிப்பதற்கு விட்ட காலம் என்பது சட்டம். படகுக்காரனுக்கு ஆசாரி வேலை, எஞ்சின் வேலை, பெயின்ட் வேலை எல்லாம் இதற்குள்தான். துறைமுகம் இருக்கும் கடுவையாற்றின் இரு கரையிலும் இனி சுத்தியல் சத்தம் ஓயாது.

அடியில் நின்ற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். டீசல் நாற்றத்தோடு நல்ல உப்பு. ஐஸ் உருகி வரும் தண்ணீராக இருந்தால் கரிப்பு மட்டாக இருக்கும், மீன் கவிச்சி தூக்கலாக இருக்கும். மழைத்தண்ணீரோ குடிதண்ணீர்த் தொட்டியோ என்றால் உப்பே இராது. ஆக, வருவது கடல்தண்ணீர். மீன் அறையைக் குற்றம் சொல்லும் வேலை மிச்சம்.

ஏப்ரல் 17

அடி முழுவதையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தோம். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் கசிவைத் தேடுவது வீண். பழைய ஈரமும் புதிய ஈரமும் ஒன்றுபோலவே மின்னும்.

பிறகு படகை அப்படியே விட்டுவிட்டோம். எஞ்சின் இல்லை, பாரம் இல்லை. பள்ளத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், மரப்படகுக்கு உரிய ஈரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. சும்மா கட்டிக் கிடக்கையில் தண்ணீருக்குள் இருக்கும் பலகைகள் பெரும்பாலும் தப்பித்தன. படகின் முதுகெலும்பான ஏரா மரத்தை ஒட்டிய இணைப்பு பற்றி எனக்கு இருந்த பயமும் போனது.

ஏப்ரல் 21

படகைக் கயிற்றில் இறுக்கிக் கட்டி எஞ்சினைப் போட்டு, கியரில் விட்டு ஓட்டினோம். சந்தேகம் இரண்டு. ஒன்று, ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் இருக்கும் கிளாண்ட். இன்னொன்று, எஞ்சினைக் குளிர வைக்கக் கடல்தண்ணீரை இழுக்கும் பம்பும் அதன் ஹோஸும்.

கிளாண்டில் சொட்டியது. கூட வந்த பையன் உடனே ஸ்பேனரை எடுத்தான். படகு ஆசாரியான ஓடாவி மேஸ்திரி தடுத்தார்: “வையிடா கீழ. ஷாஃப்ட் சுத்துறப்ப நாலு சொட்டு விழணும். சொட்டாம முறுக்கினா சூடேறி ஷாஃப்டைத் தின்னுடும். நிறுத்தினதும் நிக்குதான்னு பாரு.” எஞ்சினை நிறுத்தியதும் சொட்டு நின்றது. உள்ளே இருக்கும் கிரீஸ் ஏற்றிய பேக்கிங் கயிறு அந்த ஈரத்தில்தான் குளிர்ச்சியாக இருக்கிறது.

ஹோஸின் வளைவுகளைக் காகிதத்தால் சுற்றி வைத்திருந்தேன். காகிதம் காய்ந்தே இருந்தது. எஞ்சின் பக்கம் விடுதலை.

ஏப்ரல் 25

மேஸ்திரிக்கு எழுபதுக்கு மேல் வயது. படகைத் தொடுவதற்கு முன் நோட்டைக் கேட்டார். நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர், “போற அன்னைக்குத்தான் பம்பு நெறைய ஓடியிருக்கு. திரும்பி வர்றப்ப குறைஞ்சிருக்கு. அப்ப அது மேல் பலகை” என்றார்.

காரணம் எளிது. புறப்படும் நாளில் ஐஸ், டீசல், குடிதண்ணீர் எல்லாம் நிறைந்து படகு தாழ்ந்து போகிறது. கரையில் கிடக்கும்போது தண்ணீருக்கு மேலே நிற்கும் பலகை அப்போது உள்ளே போகிறது. வெயிலில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கும், இடுக்கு திறந்திருக்கும். இரண்டு நாள் ஊறினால் பருத்துப் பாதி அடைத்துக்கொள்ளும். டீசல் தீரத் தீரப் படகும் எழும்பும். இந்த இரண்டும் சேர்ந்துதான் திரும்பும் நாளில் பம்புக்கு ஓய்வு.

சரி, எந்தப் பக்கம்? தளத்தின் இடது ஓரத்தில் பீப்பாய்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் நிரப்பினோம். ஒன்று 200 லிட்டர், அதாவது 200 கிலோ. படகு இடப்பக்கம் சாய்ந்தது. உள்ளே மாற்றம் இல்லை. பீப்பாய்களைக் காலி செய்து வலது ஓரத்துக்கு மாற்றி மறுபடி நிரப்பினோம். அதற்குள் நான், பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வலப்பக்க வங்குகளுக்கு நடுவே கோலமாவைத் தூவி, வங்குகளின் அடியில் தண்ணீர் ஓட விட்டிருக்கும் துளைகளை மக்கு வைத்து அடைத்திருந்தேன். அடைக்காவிட்டால் எங்கே வந்தாலும் எல்லாம் ஓடிப்போய் ஒரே பள்ளத்தில் நிற்கும். படகின் மிகத் தாழ்ந்த இடம் அது. அங்கே நிற்கும் தண்ணீர் அங்கேயே வந்ததாக அர்த்தமில்லை.

டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மீன் அறைச் சுவரின் பின்னாலிருந்து, பின்பக்கத்தை ஒட்டிய ஒரு வங்கின் ஓரமாக, வெள்ளை மாவில் விரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கோடு இறங்கியது. மெதுவாக, மேலிருந்து கீழே. மற்ற எல்லாக் கட்டங்களிலும் மாவு தூவியபடியே இருந்தது.

மே 6

படகைக் கரையேற்றிவிட்டோம். வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பெயின்ட் அப்பழுக்கில்லாமல் இருந்தது. மேஸ்திரி சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். புழு அரித்த பலகை பொத்தென்று சத்தம் போடும். கப்பல் புழு வெளியே குண்டூசித் துளை விட்டு உள்ளே போய், மரம் முழுவதும் குடைந்து வளரும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். எங்கள் பலகை கணீரென்றது.

“புழு இல்ல. அடி” என்றார்.

சுரண்டியதும் புரிந்தது. மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகை, இரும்புக் கட்டு போட்டது, ஒவ்வொரு முறை இழுத்து ஏற்றும்போதும் படகின் பின்பக்கத்தில் மோதும். எங்கள் படகில் வலப்பக்கம்தான் அதிகம் மோதுகிறது. மோதி மோதிப் பலகையை வங்கோடு பிடித்திருந்த ஆணிகள் இளகிவிட்டன. இளகிய ஆணியைச் சுற்றி உப்புத்தண்ணீர் இறங்கி, ஆணி துருவேறி, கழுத்தில் தீக்குச்சி அளவுக்கு மெலிந்திருந்தது. பலகை அசைந்ததால் இடுக்கில் இருந்த பஞ்சும் கறுத்து நைந்து, இழுத்தால் கையோடு வந்தது. மேலே பூசிய மக்கும் பெயின்ட்டும் மட்டும் அசையாமல் நின்று நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தன.

மே 9

முதலில் ஆணி, பிறகுதான் பஞ்சு. மேஸ்திரி இதில் பிடிவாதம். பலகை அசையும்போது கலப்பத்து அடித்தால் ஒரு மாதம்கூட நிற்காது என்கிறார். பழைய துளைகளுக்கு மரமுளை அடித்து, புதிய இடத்தில் நாகம் பூசிய போல்ட் போட்டு, உள்ளே வாஷரோடு முறுக்கினார்கள்.

அதன் பிறகு கலப்பத்து. முறுக்கிய பஞ்சை உளியால் இடுக்கில் இறக்கி, சுத்தியலால் சீராகத் தட்டிப் போகிறார். நான் இன்னும் கொஞ்சம் பலமாக அடிக்கலாமே என்றேன். “கெட்டியா அடைச்சா ஊறி வீங்குறப்ப பலகையே ஆணியப் புடுங்கிக்கிட்டு வெளிய வரும் தம்பி. வீங்க இடம் விடணும்.” மேலே பூச அவர் காலத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவார்களாம். இப்போது டப்பா மக்கு.

மடிப்பலகை மோதும் இடத்தில் புதிய காப்புக் கட்டையும் லாரி டயரும் கட்டச் சொல்லிவிட்டேன். அடி விழும் காரணத்தை விட்டுவிட்டுக் காயத்தை மட்டும் மூடினால் அடுத்த தடைக்காலத்திலும் இதே வேலைதான்.

ஜூன் 10

படகை இறக்கினோம். முதல் நாள் பம்பு விடாமல் ஓடியது. கரையில் காய்ந்த படகு அப்படித்தான். அடிப்பலகைகள் ஊற வேண்டும். இரண்டு நாள் பொறுத்து, மீண்டும் மாவு, மீண்டும் வலது ஓரத்தில் பீப்பாய். கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன.

ஜூன் 14

இன்று நள்ளிரவில் தடை முடிகிறது. ஐஸ் ஏற்றியாகிவிட்டது. நோட்டைப் புதிதாக வாங்கி அதே இடத்தில் கட்டியிருக்கிறேன்.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தண்ணீர் வந்தால் எங்கே என்று தேடிக் குனிவதற்கு முன், எப்போது வருகிறது என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போதா, நின்ற பிறகா? பாரம் இருக்கையிலா, காலியாகவா? புறப்படும் நாளிலா, திரும்பும் நாளிலா? இதற்குப் பதில் கிடைத்தால் படகில் முக்கால் பாகத்தைத் தேடவே வேண்டாம். மிதவை சுவிட்ச் இருக்கட்டும், அது எத்தனை முறை போடுகிறது என்பதை எழுதவும் ஒரு ஆள் இருக்கட்டும். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். பலகை பெயர்ந்த பிறகு நடுக்கடலில் தேடுவதைவிட அது மலிவு.