மீனின் செவியை அளக்கும் தொட்டி

விலங்கின் கேள்திறனைச் சோதிக்கும் கருவிக்கு மூன்று வேலைகள் உண்டு: அளவு தெரிந்த ஓசையை எழுப்புவது, அதைச் சிதையாமல் செவிக்குக் கொண்டுசெல்வது, விலங்குக்கு அது கேட்டதா என்று கண்டறிவது. மனிதர் கையைத் தூக்கிச் சொல்லிவிடுவார். விலங்குக்கு அந்த வழியில்லை. ஆகவே ஒவ்வொரு உயிரின் காதுக்கும் தனியாகக் கருவி அமைக்க வேண்டும். மதுரைப் பகுதி வௌவால்களின் கேள்திறனை அளந்து நாய்வைலர், சிங், ஸ்ரீபதி மூவரும் 1984இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் ஓர் இனத்தின் செவி சுமார் 150 கிலோஹெர்ட்ஸில் கூர்மையாக இருந்தது. மனிதருக்கான ஒலிபெருக்கி அங்கே பயன்படாது.

வடசென்னைக் கடலின் மீன்களில் நிலைமை நேர்மாறானது; இங்கே தாழ்ந்த அதிர்வெண்களே முக்கியம். சென்னைத் துறைமுகம் 1881 முதலும், எண்ணூர் காமராஜர் துறைமுகம் 2001 முதலும் இயங்குகின்றன. கப்பல் இரைச்சலின் பெரும்பங்கு 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பெரும்பாலான மீன்கள் கேட்பதும் அதே எல்லையில்தான். காசிமேட்டு ஏலத்தரையில் கத்தாளையும் கெளுத்தியும் பக்கத்துப் பக்கத்துக் கூடைகளில் கிடந்தாலும் அவற்றின் செவி ஒன்றல்ல. கத்தாளைத் தலையை வெட்டும் பெண்களின் கத்தியில் தட்டுப்படும் வெள்ளைக் கல், அதன் உட்செவிக் கல். கெளுத்திக்கோ காற்றுப்பையையும் உட்செவியையும் சிறு எலும்புகள் இணைக்கின்றன. இத்தகைய அமைப்புள்ள மீன்கள் பலவற்றுக்கு உயர்ந்த அதிர்வெண்களும் கேட்கும்.

தொட்டியை வடிவமைப்பதுதான் பெருஞ்சிக்கல். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 15 மீட்டர். ஒரு மீட்டர் தொட்டியில் அந்த அலை விரிய இடமில்லை; சுவரிலும் நீர்ப்பரப்பிலும் மோதித் திரும்பிக் குழம்பும். மேலும், மீனின் செவிக்கல் நீர்த்துகளின் அசைவை உணர்வது. அழுத்தத்தை மட்டும் அளக்கும் நீரொலிவாங்கி போதாது. மீன் இருக்கும் இடத்திலேயே முடுக்கமானியும் வைத்து அசைவை அளக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் ஓயாத ராயபுரம், திருவொற்றியூர் போன்ற இடங்களில் தரையதிர்வே சோதனையைக் கெடுத்துவிடும். கனமான பலகையைக் காற்றடைத்த குழாய்களின் மேல் கிடத்தி அதன்மேல் தொட்டியை வைப்பதும், பம்பைத் தள்ளி வைப்பதும் அதற்கான வழிகள்.

மீனுக்குக் கேட்டதா என்று அறிய அதன் மூளையின் மின் மறுமொழியை அளக்கிறார்கள். மயக்கமூட்டிய மீனின் வாய்வழியே நீர் செலுத்தி, செவுள்கள் காயாமல் காக்கிறார்கள். தலைத்தோலின் கீழ் நுண்ணிய ஊசி மின்முனைகள். நுனி தவிர மற்றதெல்லாம் பூச்சால் மூடப்பட்டிருக்கும். மூளையின் மறுமொழி சில மைக்ரோவோல்ட் அளவே என்பதால் ஓசையை நூற்றுக்கணக்கான முறை எழுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். ஒலி அலையின் துருவத்தன்மையை மாற்றி மாற்றி எழுப்பினால், ஒலிபெருக்கியிலிருந்து கசியும் மின்குறிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிறகு ஓசையைப் படிப்படியாகக் குறைத்து, மறுமொழி மறையும் புள்ளியைக் கேட்பின் தொடக்கநிலை என்று குறிக்கிறார்கள்.

இது பலர் கைபட்டு உருவாகும் கருவி. மீனைப் பிடித்திருக்கும் பிடி தானே அதிராதபடி கடைசல் தொழிலாளி அதைச் செய்ய வேண்டும். மின்னணுத் தொழில்நுட்பர் தரையிணைப்பைச் சுத்தமாக அமைக்க வேண்டும். பராமரிப்பாளர் நீரின் வெப்பத்தையும் உயிர்க்காற்றையும் காக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் வரைபடத்தில் பதிவாவது மீனின் செவியாக இராது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, தேவையற்ற துன்பம் தராதிருப்பதும் வடிவமைப்பின் கடமை.

இப்படிக் கிடைக்கும் தொடக்கநிலைக் கோட்டைக் கடலில் அளந்த இரைச்சலோடு ஒரே அலகில் ஒப்பிட வேண்டும். இரைச்சல் அந்தக் கோட்டுக்கு மேலே போகும் அதிர்வெண்களில், மீன் தன் இனத்தின் ஒலியையும் இரையின் அசைவையும் தவறவிடும் அபாயம் உண்டு.