ஏணி இல்லாத சுரங்கம்

சுரங்கம் என்றதும் நெய்வேலிதான் நம் நினைவுக்கு வரும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை திறந்து கிடக்கும் பள்ளம். அந்த நினைப்போடு சான் ஹோஸேவுக்குப் போனால் முதலில் ஏமாற்றம்தான். சிலி நாட்டின் வடக்கே, கொப்பியாப்போ நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். அட்டகாமா பாலைவனத்தின் மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே ஒரு லாரி நுழையும் அளவுக்கு ஒரு குகை வாய், அதற்கு முன்னால் வேலி. கண்ணுக்குத் தெரியும் சுரங்கம் இவ்வளவுதான்.

அந்த வாயிலிருந்து ஒரு சாய்வுப் பாதை மலைக்குள் திருகித் திருகி 700 மீட்டருக்கும் கீழே போகிறது. செம்பும் தங்கமும் ஏற்றிய லாரி வெளியே வந்ததும் அதில்தான், ஆட்கள் போய்வந்ததும் அதில்தான். வேறு வழி கிடையாது. நூறு வருடத்துக்கு மேலாகக் குடைந்து குடைந்து உள்ளே பொந்து விழுந்துபோன குன்று அது. 2007-இல் இங்கே ஒரு சாவு நடந்து மூடினார்கள், மறு வருடமே திறந்தார்கள். மற்ற சுரங்கங்களைவிடக் கூலி கொஞ்சம் அதிகம் என்பதால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 2010 ஜூலையில் பாறை விழுந்து ஒரு தொழிலாளியின் கால் போனது. அப்போதும் வேலை நிற்கவில்லை.

அடுத்த மாதம் 5-ஆம் தேதி பிற்பகலில் ஏழு லட்சம் டன் என்று பின்னால் கணக்கிடப்பட்ட ஒற்றைப் பாறை உள்ளே இறங்கி அந்தப் பாதையை அடைத்தது. கீழே 33 பேர்.

பார்வையாளர்களுக்கு இப்போது ஒரு மையமும் பார்வை மேடையும் கட்டியிருக்கிறார்கள். 33 பேரில் ஒருவரே இங்கு வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறார். மேடையிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் கொடிகள் தெரிகின்றன. 32 சிலிக் கொடி, ஒன்று பொலிவியக் கொடி. மாட்டியவர்களில் ஒருவர் பொலிவியாக்காரர். உறவினர்கள் கூடாரம் அடித்து, 'எஸ்பெரான்ஸா', அதாவது நம்பிக்கை, என்று பெயர் வைத்துக் காத்துக் கிடந்தது இந்தப் பொட்டலில்தான். நான் போன நேரத்தில் நிற்க நிழல் இல்லை, காற்றில் மண் பறந்து பல்லில் கடிபட்டது. ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். இரவில் இந்தத் திறந்த வெளியில் எப்படித்தான் படுத்தார்களோ.

கீழே இருந்தவர்களுக்கு எதிர்மாறான அவதி, 30 டிகிரியைத் தாண்டிய புழுக்கம். 50 சதுர மீட்டர் அளவில் ஒரு புகலிட அறை, அதில் இரண்டு நாளைக்குப் போதுமான சாப்பாடு. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் லூயிஸ் உர்சுவா. முக்கியமான எதையும் கூடிப் பேசி, ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு இரண்டு கரண்டி டூனா மீன், ஒரு வாய் பால், ஒரு பிஸ்கட். எந்திரங்களுக்காக வைத்திருந்த எண்ணெய் வாடைத் தண்ணீரைக் குடித்தார்கள். வண்டி பேட்டரியில் தொப்பி விளக்கை சார்ஜ் செய்துகொண்டார்கள்.

மேலே பல இடங்களில் துளை போட்டுத் தேடினார்கள். நம்மூரில் வீட்டுக்குப் போடும் ஆறரை இஞ்ச் போரைவிடச் சிறிய துளை. கையிலிருந்த வரைபடங்களை நம்ப முடியாது, ஆழம் போகப் போக உளியும் கோணிக்கொண்டு விலகும். ஒரு துளை பக்கத்திலேயே கடந்து போய்விட்டது. அந்தச் சத்தம் நெருங்கி வந்து விலகிப் போனதைக் கீழே கேட்டிருக்கிறார்கள். பதினேழாம் நாள், ஆகஸ்ட் 22, ஒன்று சரியாக இறங்கியது. உளி முனையில் சிவப்புச் சாயம் பூசி, சீட்டு எழுதிக் கட்டி அனுப்பினார்கள். புகலிடத்தில் 33 பேரும் நலம் என்ற செய்தி மேலே வந்து சேர்ந்தது.

அதன்பின் நடந்தது உலகமே டிவியில் பார்த்த கதை. மூன்று எந்திரங்கள் மூன்று இடத்தில் போட்டி போட்டுத் துளைத்தன. அக்டோபர் 9-ஆம் தேதி முதலில் எட்டியது இரண்டாவது திட்டம். டிவி அதிகம் காட்டாத ஒன்று உண்டு. துளையை அகலப்படுத்தும்போது கல்தூள் முழுக்கக் கீழேதான் கொட்டியது. அதை அள்ளி அப்புறப்படுத்தியவர்கள் அந்த 33 பேர்தான். மீட்புப் பணியில் பாதி ஷிஃப்டை அவர்களே பார்த்தார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவர்களை மேலே கொண்டுவந்த 'ஃபெனிக்ஸ் 2' கூண்டு கொப்பியாப்போவில் அட்டகாமா வட்டார அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகருக்குத் திரும்பியதும் நேரே அங்கே போனேன். சிலிக் கடற்படையின் கப்பல் தளத்தில் செய்தது. நான்கு மீட்டர் உயரம், வெள்ளை, நீலம், சிவப்பு வண்ணம். பாறையில் உரசிய கீறல்கள் உடம்பெல்லாம். உள்ளே அகலம் ஒன்றே முக்கால் அடிதான். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று என் தோளை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கையை மடக்கி மார்போடு ஒட்டிக்கொண்டால்தான் நுழையலாம். வழியில் சிக்கிக்கொண்டால் அடிப்பகுதியைக் கழற்றித் திரும்பக் கீழே இறங்கவும் ஏற்பாடு உண்டு. முதலில் இறங்கியவர் மீட்பு வீரர் மனுவேல் கொன்சாலேஸ். அக்டோபர் 13 நள்ளிரவு தாண்டி முதலில் ஏறியவர் ஃபுளோரென்சியோ அவாலோஸ். அன்றிரவே கடைசியாக உர்சுவா. உள்ளே போன மீட்பு வீரர்களும் ஒவ்வொருவராக ஏற, எல்லோருக்கும் பின்னால் மேலே வந்தவரும் அதே கொன்சாலேஸ்தான். கூண்டு யோசனை நமக்குப் புதிதில்லை. 1989-இல் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் வெள்ளம் புகுந்த சுரங்கத்திலிருந்து 65 பேரை ஜஸ்வந்த் சிங் கில் இப்படி ஒரு கூண்டில்தான் மேலே அனுப்பினார்.

கூண்டைச் சுற்றிப் படம் எடுக்கக் கூட்டம். எனக்கு மனம் வேறொரு பொருளில் நின்றது. அது எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. ஏணி.

சான் ஹோஸேயில் காற்றுப் போக்குக்காகச் செங்குத்துக் குழாய்கள் வெட்டியிருந்தார்கள். ஆபத்து என்றால் அதில் ஏறித் தப்பிக்க ஏணி இருக்க வேண்டும் என்பது விதி. பாறை இறங்கிய அன்றே சிலர் அதில் ஏறிப் பார்த்தார்கள். ஓரிடத்துக்கு மேல் ஏணி இல்லை. திரும்பிவிட்டார்கள். குழாய் அப்போது திறந்துதான் கிடந்தது. ஆகஸ்ட் 7-ஆம் தேதி மலை இன்னொரு முறை சரிந்து, மேலிருந்து அதன் வழியாக இறங்கிக்கொண்டிருந்த மீட்புக் குழுவின் பாதையும் அடைபட்டது. ஆக, நடுவில் இரண்டு நாள் இருந்தது. முழு உயரத்துக்கும் இரும்பு ஏணி இருந்திருந்தால் 33 பேரும் அன்றைக்கே வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள். மீட்புக்குச் செலவான பணம் சுமார் 2 கோடி டாலர்.

பொறியாளர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கூண்டைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் மீட்பைக் கொண்டாடுகிற வேகத்தில், மீட்கவேண்டி வந்தது ஏன் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அரசியல்வாதிகள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, கூண்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஏணிக்குப் பக்கத்தில் நிற்க யாரும் வரமாட்டார்கள்.

சிலி நாடாளுமன்றக் குழு சுரங்க உரிமையாளர்களையும் கண்காணிக்க வேண்டிய அரசுத் துறையையும் குறை சொல்லி அறிக்கை கொடுத்தது. குற்ற விசாரணை மூன்று வருடம் நடந்தது. 2013-இல், யார் மீதும் குற்றச்சாட்டு பதிவு செய்யாமலே, வழக்கை மூடிவிட்டார்கள்.