மெசேஜ் போச்சா, சேர்ந்துச்சா?

கோவில்பட்டியில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'இன்சூரன்ஸ் அக்கா' என்று கேட்டால், தெருமுனையிலிருந்தே கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள். 2003-ல் ஏஜென்ட் ஆனேன். இன்றைக்கு ஏறக்குறைய 600 குடும்பங்கள். சமீபம்வரை அத்தனை பேரின் கணக்கும் பன்னிரண்டு நீள நோட்டுகளில் இருந்தது. மாதத்துக்கு ஒரு நோட்டு. அந்த மாதம் யார் யாருக்குத் தவணை என்று பார்த்து போன் போடுவேன். "ஞாபகசக்தின்னா அக்காதான்" என்று எல்லாரும் சொல்ல, நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை உடைந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எட்டயபுரம் ரோட்டில் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், 2020 மார்ச்சில் என்னிடம் மருத்துவக் காப்பீடு எடுத்தார். அப்போதே அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மறைக்காமல் எழுதித்தான் எடுத்தோம். அதற்கு மட்டும் நான்கு வருடம் வெயிட்டிங் பீரியட். வருடம் தவறாமல் கட்டி வந்தார்.

2023 நடுவில் ஒருநாள், என் வண்டியை சர்வீஸுக்கு விட்டபோது, "அக்கா, பழைய சிம் போயிருச்சு, புது நம்பர் எழுதிக்கோங்க" என்றார். கைப்பையில் இருந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதினேன். நோட்டில் ஏற்றவில்லை. கம்பெனிக்கும் சொல்லவில்லை. பத்திரிகை எங்கே போனதோ!

2024 மார்ச்சில் ரெனியூவல். கம்பெனி அனுப்பிய குறுஞ்செய்தியும் பழைய நம்பருக்கு. நான் போட்ட போனும் பழைய நம்பருக்கு. 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டவள், அப்படியே மறந்துபோனேன். தேதி தாண்டினாலும் 30 நாள் கருணைக் காலம் உண்டு. அதுவும் போயிற்று. மே மாதம் அவர் மனைவியை மார்க்கெட்டில் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

புது பாலிசிதான் எடுக்க முடிந்தது. சர்க்கரை நோய்க்கு மறுபடி மூன்று வருடம் வெயிட்டிங் பீரியட். நான்கு வருடம் காத்திருந்து கவர் தொடங்க வேண்டிய நேரத்தில், மறுபடி முதலிலிருந்து!

அந்த அக்டோபரில் காலில் புண். சர்க்கரையால் வந்தது. மதுரையில் ஆபரேஷன். செலவு 1,80,000 ரூபாய். கிளைம் கிடைக்கவில்லை. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. பார்க்கப் போனபோது அந்தத் தம்பி என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேங்க்கா" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி பன்னிரண்டு நோட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

"சாஃப்ட்வேர் போடுங்க பெரியம்மா. உங்களுக்கு சிஆர்எம்தான் சரி" என்றான் தங்கை மகன். வாடிக்கையாளர் விவரங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் மென்பொருளாம் அது.

முதலில் அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தான். காசு செலவில்லை. ஆனால் பாலிசிக்கு ஒரு வரி. ஒரே வீட்டில் ஐந்து பாலிசி இருந்தால் ஐந்து வரி. நம்பர் மாறினால் ஐந்து இடத்தில் திருத்த வேண்டும். ஓர் இடத்தை விட்டால் அதே கல்யாணப் பத்திரிகைக் கதைதான்.

அடுத்து, எல்லா வியாபாரத்துக்கும் பொதுவான ஒரு சிஆர்எம். அழகாகத்தான் இருந்தது. ஆனால், பாலிசி விற்றதும் அந்த ஆளை 'முடிந்தது' என்று ஓரமாக வைத்தது. எங்கள் தொழிலில் விற்ற பிறகுதானே வேலையே ஆரம்பிக்கிறது! இருபது வருடத் தவணை, நாமினி மாற்றம், கடன், கிளைம், முதிர்வுத் தொகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கம்பெனி ஆப் இருக்கிறதே என்பீர்கள். என்னைப் போன்ற தனிநபர் ஏஜென்ட் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று வேலை பார்க்கலாம். மூன்றுக்கும் மூன்று ஆப். ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது. ஒரு குடும்பத்தின் முழுப் படம் எதிலும் கிடையாது.

கடைசியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்களுக்காகவே செய்த மென்பொருள்களைப் பார்த்தேன். மதுரையிலிருந்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். கலர் கலராக வரைபடம் காட்டினான். "மேடம், ரிமைண்டர் தானா போயிரும். நீங்க நிம்மதியா தூங்கலாம்" என்றான்.

நான் மார்ச் மாத நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "உங்க மாதிரிப் பெயரெல்லாம் வேண்டாம் தம்பி. இந்தப் பக்கத்தை ஏத்துங்க."

அந்தப் பக்கத்தில் நான்கு முருகன்கள். மூன்று கம்பெனியிலும் பாலிசி வைத்திருக்கும் ஒரு குடும்பம். பிறகு, மெக்கானிக் தம்பியின் செத்துப்போன பழைய நம்பர். அதற்கும் ரிமைண்டர் அனுப்பச் சொன்னேன். 'அனுப்பப்பட்டது' என்று பச்சை டிக் விழுந்தது.

"சேர்ந்துச்சா?" என்றேன்.

"அனுப்பிட்டோம் மேடம்."

"அனுப்புனது சரி. சேரலைன்னா எனக்குச் சொல்லுமா?"

பையன் தலையைச் சொறிந்தான். பாவம், காபி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்து வந்தவர்களிடமும் அதே பக்கத்தைத்தான் நீட்டினேன். ஒன்று தேறியது. போய்ச் சேராத செய்திகளைத் தனிப் பட்டியலாகக் காட்டியது. குடும்பம் குடும்பமாகப் பார்க்க முடிந்தது. தமிழில் செய்தி போனது. நாளைக்கே பிடிக்கவில்லை என்றாலும் என் விவரம் முழுவதையும் எக்செல்லில் இறக்கிக்கொள்ளலாம். இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். உள்ளே விட்டு வெளியே எடுக்க முடியாவிட்டால், அப்புறம் அவர்கள் கேட்கும் கட்டணம்தான்.

ஒரு மாதம் மார்ச் நோட்டை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். ஆதார் நகல், மருத்துவ ரிப்போர்ட் எதையும் அதில் ஏற்றவில்லை. நம்பிக் கொடுத்தவர்களின் அந்தரங்கம் அது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்துவிட்டது. பெயர், நம்பர், தேதி, நாமினி. எனக்கு இவ்வளவு போதும்.

விவரம் ஏற்ற இரண்டு மாதம் ஆனது. நோட்டைப் பார்த்து அப்படியே ஏற்றினால் நோட்டில் இருக்கும் தப்பும் ஏறிவிடுமே! அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சரிபார்த்தேன். நாற்பதுக்கும் மேல் நம்பர் மாறியிருந்தது. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆனவர்களுக்கு இன்னும் அம்மாதான் நாமினி. இரண்டு இடத்தில் அந்த அம்மாவே உயிரோடு இல்லை. அந்தப் படிவங்களைச் சரிசெய்தபோதுதான், இத்தனை வருடம் எதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்று பயம் வந்தது.

நீங்கள் ஏஜென்டாக இல்லாவிட்டாலும் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாலிசியில் இருக்கும் போன் நம்பரையும் நாமினி பெயரையும் எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

2025 மே மாதம் மெக்கானிக் தம்பிக்கு ரெனியூவல். புது நம்பர், அவர் மனைவி நம்பர் இரண்டுக்கும் செய்தி போனது. சேர்ந்துவிட்டதாகவே காட்டியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கால் ஆறி, பழையபடி தரையில் உட்கார்ந்து பிரேக் மாட்டிக்கொண்டிருந்தார்.

"மெசேஜ் வந்துச்சேக்கா, காலையிலேயே கட்டிட்டேன். இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க?" என்றார்.

"வந்துச்சான்னு கேக்கத்தான்" என்றேன்.